கயிற்றுப் பை தொங்கும் வீடுகள்

திண்டிவனத்தில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பாதி வழியில் கடக்கும் ஊர் கிளியனூர். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். உள்ளே அகத்தீசுவரர் கோயில், வெளியே ஓயாமல் வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலை. இந்தச் சாலை நெடுக, ஊருக்கு ஊர், ஒரே வார்ப்பில் வீடுகள் எழும்பி நிற்கின்றன. கீழே ஷட்டர் போட்ட கடை, மேலே குடும்பம், பக்கவாட்டில் வெளியிலிருந்து ஏறும் படிக்கட்டு. அப்படிப்பட்ட சில வீடுகளின் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கும். கயிற்றின் நுனியில் ஜவுளிக்கடைப் பை. பால்காரர் குரல் கொடுத்ததும் பை இறங்கும், பாக்கெட்டோடு ஏறும். கீரைக்காரம்மா வந்தால் முதலில் சில்லறை இறங்கும், பிறகு கீரைக் கட்டு ஏறும்.

கயிறு கட்டிய நாளை யாரும் குறித்து வைப்பதில்லை. மழைக்காலத்தில் படி வழுக்குகிறது என்று ஆரம்பித்தது, மழை விட்ட பிறகும் அப்படியே நின்றுவிடும். சென்னையிலோ துபாயிலோ இருக்கும் மகனுக்கு அது தெரியாது. “நான் நல்லாத்தான்டா இருக்கேன்” என்பதோடு போன் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அந்த வீட்டில் படிக்கட்டைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கு அந்தக் கயிற்றைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

பேச்சு எடுத்ததும் முதலில் வருவது லிஃப்ட். 1892-ல் கல்கத்தா கவர்னர் மாளிகையில் ஓட்டிஸ் நிறுவனம் பொருத்தியதைத்தான் இந்தியாவின் முதல் லிஃப்ட் என்று சொல்வார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் 1959-ல் திறந்த எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்க்க வெளியூர்களிலிருந்து வந்தவர்களுக்கு, அதில் லிஃப்ட் ஏறியது ஊருக்குப் போய்ச் சொல்லும் கதை. ஜான்சன் லிஃப்ட்ஸ் என்ற சென்னை நிறுவனம் 1963-லேயே தொடங்கிவிட்டாலும், நெடுங்காலம் லிஃப்ட் என்றால் ஆஸ்பத்திரி, ஹோட்டல், அடுக்குமாடி என்றுதான் பொருள். இன்று ஒரே ஒரு மாடி உள்ள வீட்டில், இரண்டே பேர் ஏறி இறங்குவதற்காக லிஃப்ட் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். எப்போது கேட்பது, கேட்பதற்கு முன் வேறு எதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும் என்பதில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன.

அறுபதுக்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகள்

தமிழ்நாடு மூப்படைகிறது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021-க்கு மத்திய அரசின் மதிப்பீடு 13.6 விழுக்காடு, கேரளத்துக்கு அடுத்த இடம். 2031-ல் இது 18-ஐத் தாண்டும் என்கிறது அதே மதிப்பீடு. ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது. வீடு கட்டுகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய எண் அது. இந்தியாவில் 60 வயதை எட்டிய ஒருவர் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார். பெண்கள் 19 ஆண்டுகள், ஆண்கள் பதினேழரை.

இதைக் கிளியனூர் பக்கத்து வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். அரசு ஊழியர் 60-ல் ஓய்வு பெறுகிறார். கைக்கு வரும் பணத்தில் முதல் வேலையாக மேலே ஒரு தளம் போடுகிறார். கீழே வாடகைக்கு, மேலே தனக்கு. காற்று வரும், தூசி குறையும், கொசு கொஞ்சம் கம்மி. அறுபது வயதில் அந்தப் படிக்கட்டு ஒரு பொருட்டே இல்லை. கட்டிய மனிதர் எழுபத்தெட்டு வரை அதில்தான் ஏறப்போகிறார். மனைவி அதற்கு மேலும். தளம் போடும் அன்று மேஸ்திரியிடம் பேசுகிற அறுபது வயதுக்காரர், எழுபத்தைந்து வயதுக்காரர் சார்பிலும் பேசியாக வேண்டும்.

சுவரில் ஓடும் கறை

முடிவெடுக்கும் நேரத்தை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். படிக்கட்டுச் சுவரைப் பார்த்தால் போதும்.

வெள்ளையடித்த சுவரில், இடுப்புக்குச் சற்று மேலே, படியோடு படியாகச் சாய்ந்து ஏறும் ஒரு பழுப்புக் கறை இருக்கும். எண்ணெயும் வியர்வையும் சேர்ந்த உள்ளங்கைத் தடம். கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் மட்டும் இருக்க, மறுகை சுவரைத் தேடியிருக்கிறது என்று அர்த்தம். கறை எந்த இடத்தில் கருக்கிறதோ அங்கேதான் அவர்கள் நின்று மூச்சு வாங்குகிறார்கள். பெரும்பாலும் அது திருப்பத்துக்கு முந்தைய இரண்டு படிகள். அந்தத் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்துவிட்டதென்றால், சுவர் சொன்னதை வீட்டில் யாரோ புரிந்துகொண்டுவிட்டார்கள்.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து ஏறுவது. இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, நண்டு போல இறங்குவது. கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று அழைப்பு வந்தால் “நீங்க போயிட்டு வாங்க” என்பது. சாயங்காலம் எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஒரு மாதமாக மாடியிலிருந்தே கையசைப்பது. மருத்துவர்கள் பயன்படுத்தும் ஓர் எளிய சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடிகளோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று கொள்கிறார்கள். 1991-ல் வெளியான முறை. இன்றும் உலகம் முழுதும் புழக்கத்தில் இருக்கிறது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் நம்ப வேண்டும். செயற்கை முழங்காலுக்குள் உணர்கருவி பொருத்தி ஜெர்மனியில் அளந்தார்கள். முடிவு 2010-ல் வெளிவந்தது. சமதரையில் நடக்கும்போது மூட்டின் மேல் விழும் சுமை உடல் எடையைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். படி ஏறும்போது மூன்று மடங்கைத் தாண்டுகிறது. இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. அறுபது கிலோ எடையுள்ள ஓர் அம்மா ஒவ்வொரு படி இறங்கும்போதும் அவருடைய முழங்கால் இருநூறு கிலோவுக்கு மேல் தாங்குகிறது. பத்தடி உயரத் தளத்துக்குப் பதினேழு, பதினெட்டுப் படி. பழைய வீடுகளின் வெளிப்படிக்கட்டில் ஒவ்வொரு படியும் எட்டு அங்குலத்தைத் தாண்டுவது உண்டு. அகலமோ பாதம் முழுதாகப் பதியாத அளவு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கீழே விழுவதால் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பங்கு 60 வயதைக் கடந்தவர்கள். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் போய்விடுகிறார் என்று மருத்துவ நூல்கள் பேசுகின்றன. எலும்பு கூடிய பிறகும் படுக்கையோடு வரும் நெஞ்சுச்சளி, படுக்கைப்புண், மனச்சோர்வு எல்லாம் சேர்ந்துதான் ஆளை எடுத்துப்போகின்றன. லிஃப்ட் பற்றிய பேச்சு விழுந்த பிறகு தொடங்கினால், அந்த ஓராண்டு கம்பெனிக்காரர்கள் அளவெடுப்பதிலும் சுவர் இடிப்பதிலும் கழிந்துவிடும்.

முதலில் ஆள், பிறகு லிஃப்ட்

ஆனாலும் கயிற்றுப் பையைப் பார்த்ததும் லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போடுவது சரியல்ல. முதல் போன் மருத்துவருக்குப் போக வேண்டும்.

முதியோர் மருத்துவம் தனித்துறையாக இந்தியாவில் கால் ஊன்றியது சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான். 1978-ல் அங்கே முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் வ.செ. நடராசன், 2012-ல் பத்மஸ்ரீ பெற்றார். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்தது. இத்தனை ஆண்டுகளாக இந்தத் துறை திரும்பத் திரும்பச் சொல்வது, முதியவர் விழுவதற்குக் காரணம் உண்டு, அந்தக் காரணத்தைத் தேட வேண்டும் என்பது. எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சட்டென இறங்கும். மாத்திரையின் அளவை மாற்றினால் சரியாகலாம். நாள்பட்ட சர்க்கரையால் பாதம் மரத்துப்போய், படியின் விளிம்பு தெரியாமல் போகும். கண்புரை முற்றினால் கடைசிப் படியும் தரையும் ஒன்றாகத் தெரியும். கிளியனூர்க்காரர்களுக்கு இதே சாலையின் கோடியில் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. கண்ணுக்குத் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். தொடைத் தசை வலுவாக மூன்று மாதம் பயிற்சி செய்து, மறுபடியும் படி இறங்கிக் கோயிலுக்குப் போகிற பெரியவருக்கு லிஃப்ட் இப்போதைக்கு வேண்டாம். வேண்டாம் என்பது மட்டுமில்லை; படி ஏறுவதை அவசரப்பட்டு நிறுத்தினால் இருக்கிற தசையும் கரையும். இரண்டு பக்கமும் கைப்பிடி, படியின் விளிம்பில் வழுக்காத பட்டை, இரவில் எரியும் ஒரு விளக்கு. சில ஆயிரங்களில் முடிகிற இந்த வேலையைச் செய்யாமல் லட்சங்களைப் பற்றிப் பேசுவது முறையாகாது.

நோய்க்கு நோய் கணக்கு மாறும். கணுக்கால் முறிவு மூன்று மாதத்தில் கூடிவிடும். அதற்காக லிஃப்ட் வேண்டியதில்லை. மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே படி ஏறக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். ஆனால் பார்க்கின்சன் நோய் அப்படிப்பட்டதில்லை. அது திரும்பிப் போகாது. ஆண்டுக்கு ஆண்டு நடை குறுகிக்கொண்டே வரும். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவருக்குக் கைப்பிடி இருந்தும் ஒரு பக்கம்தான் பயன். இதய பலவீனத்தால் பத்துப் படிக்கே மூச்சு இரைப்பவருக்குத் தசைப் பயிற்சி மட்டும் போதாது. இந்த வீடுகளில் காத்திருப்பதுதான் தவறு. மறதி நோய் உள்ளவர் இருக்கும் வீட்டில் இன்னொரு கவனம் வேண்டும். தனியாக லிஃப்டுக்குள் போய் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் நின்றுவிடுவார். அங்கே சாவியோடு கூடிய இயக்கம் தேவை.

கீழே வந்துவிடலாமே?

மருத்துவருக்கு அடுத்த கேள்விதான் குடும்பங்களில் மனக்கசப்பை உண்டாக்குவது. கீழே கடையை வாடகைக்கு விட்டுவிட்டு, நடக்க முடியாதவர் ஏன் மேலே இருக்க வேண்டும்?

மாதம் 8,000 ரூபாய் வாடகை வரும் கடை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 96,000. நல்ல வீட்டு லிஃப்ட் ஒன்று, சிவில் வேலையும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்த்து, பத்து லட்சத்தைச் சுலபமாகத் தொடும்; இறக்குமதி வகை அதைப்போல இரண்டு மடங்கும் ஆகும். கடையைக் காலி செய்து, அந்த இடத்தை ஒரு படுக்கை அறையும் நாற்காலி நுழையும் அளவு கழிவறையுமாக மாற்றினால், பத்தாண்டில் இழக்கும் வாடகைதான் லிஃப்டின் விலை. லிஃப்டுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் தனி. பணத்தைத் தாண்டியும் ஒன்று உண்டு. கிராமத்தில் தரைத்தளம் என்பது ஊரோடு சேர்ந்த இடம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் இரண்டு வார்த்தை பேசுவார்கள். மாடி அறையில் குளிர்சாதனமும் டி.வி.யும் இருக்கலாம்; அந்த இரண்டு வார்த்தை இருக்காது. தனியாக இருக்கும் தம்பதிக்கும், துணையை இழந்தவருக்கும் கீழே வருவதுதான் முதல் வழி. இந்தக் கட்டுரையின் சாய்வு வெளிப்படையாகவே அந்தப் பக்கம்.

ஆனால் எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. விழுப்புரம் மாவட்டத்தின் பல ஊர்களில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அன்றிரவு நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிய குடும்பங்களிடம் போய்த் தரைத்தளத்தின் பெருமையைச் சொல்ல முடியாது. தாழ்வான மனை, மேலே சமையலறை, கூட்டுக் குடும்பம், பேரப்பிள்ளைகள் தங்கும் அறை எல்லாம் மாடியில் என்றால், பெரியவரைக் கீழே தனியாகப் படுக்க வைப்பது ஒதுக்கி வைப்பது போலாகும். சக்கர நாற்காலியில் இருக்கும் மனைவியும், அவரைப் பார்த்துக்கொள்ளும் எழுபது வயதுக் கணவரும் மேலும் கீழுமாக வாழ வேண்டிய வீட்டில், லிஃப்ட் அந்தக் கணவரின் முதுகைக் காப்பாற்றும். அங்கே தயங்க ஒன்றுமில்லை.

லிஃப்ட் வந்தும் படி போகாத வீடுகளும் உண்டு. நம் வீடுகளுக்கு வாசல்படி உண்டு. தரைமட்டத்திலிருந்து இரண்டடி, மூன்றடி உயர்ந்த பேஸ்மட்டம். ஃபெஞ்சலுக்குப் பிறகு புதுவீடு கட்டுகிறவர்களுக்கு அதை இன்னும் உயர்த்தத்தான் தோன்றும். உள்ளே லட்சக்கணக்கில் லிஃப்ட், வெளியே ஐந்து படி. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் ஓட வேண்டும் என்பது விதி. மூன்றடி பேஸ்மட்டத்துக்கு 36 அடி. பெரும்பாலான மனைகளில் அவ்வளவு இடமே இருக்காது. இதற்கு வழி உண்டு. வெளிப்படிக்கட்டு ஏறும் பக்கமாக, தெருமட்டத்திலிருந்தே லிஃப்ட் தொடங்கும்படி அமைத்தால் ஒரே வண்டியில் பேஸ்மட்டமும் மாடியும் ஏறிவிடலாம். அளவெடுக்க வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ‘கிரவுண்ட்’ என்று அவர் சொல்வது தெருவையா, ஹால் தரையையா?

குழியும் கூடும்

நம் ஊர்ச் சந்தையில் நான்கு வகை வீட்டு லிஃப்டுகள் கிடைக்கின்றன. கம்பிவடத்தில் எதிர்எடையோடு ஓடுவது பழக்கமான வகை. பழுது பார்க்க ஆள் கிடைப்பார், ஆனால் கீழே குழியும் மேலே உயரமும் அதிகம் கேட்கும். எண்ணெய் அழுத்தத்தில் ஏறும் ஹைட்ராலிக் வகைக்கு மேலுயரம் குறைவாக இருந்தால் போதும். மின்சாரம் போனால் வால்வைத் திறந்து மெதுவாக இறக்கிவிடலாம். திருகுத் தண்டில் ஏறும் வகை, சுவரெழுப்பாமல் தன் கூட்டோடு வந்து நிற்கும். இரண்டு அங்குலப் பள்ளமே போதும். விநாடிக்கு 15 செ.மீ. வேகம் என்பதால் ஒரு மாடி ஏற இருபது விநாடிக்குச் சற்று மேல் ஆகும். பெரியவர்களுக்கு அந்த நிதானம் நல்லதே. நான்காவது, காற்றை உறிஞ்சி மேலேற்றும் கண்ணாடிக் குழாய். இறங்குவதற்கு மின்சாரமே தேவையில்லை, காற்றை விட்டால் போதும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதிகம் விற்கும் சிறிய குழாய்களின் விட்டம் 75 செ.மீ., 93 செ.மீ. அளவில்தான். சாதாரணச் சக்கர நாற்காலி இரண்டடிக்குச் சற்று மேல் அகலம், கால்மிதியோடு மூன்றரை அடி நீளம். அது இதற்குள் போகாது.

நின்றபடி ஏறும் அளவுக்கு லிஃப்ட் வாங்குவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப்பெரிய பிழை. இன்று கைத்தடியோடு நிற்பவர் ஐந்தாண்டில் நாற்காலியில் வரலாம், பின்னால் ஒருவர் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். ஷோரூமுக்குப் போகும்போது கையோடு ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டுபோய் உள்ளே தள்ளிப் பார்த்துவிடலாம். கதவின் அகலம் இரண்டரை அடிக்குக் குறைந்தால் திரும்பி வந்துவிடலாம்.

குழியைப் பற்றி இந்த மாவட்டத்துக்கென்று ஒரு வார்த்தை. மழை வெள்ளம் முதலில் போய்ச் சேரும் இடம் அதுதான். குழிக்குள் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, நீர் இறைக்க ஒரு சிறு பம்ப், மின்பலகை தரைமட்டத்துக்கு நன்றாக மேலே. வெளிப்புறமாக இரும்புச் சட்டத்தில் கூடு எழுப்பினால் அது புயல் காற்றைத் தாங்க வேண்டும். அதன்மேல் வரும் ஏ.சி.பி. (அலுமினியக் கலப்பு) தகடு அழகுக்கு ஒட்டுவது. சட்டத்தின் கணக்கை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும். பழைய வீட்டில் தளத்தை வெட்டி வழி விடுவதற்கும் அவர்தான் வேண்டும். எந்தப் பக்கக் கம்பி சுமை தாங்குகிறது என்று தெரியாமல் பிரேக்கர் வைத்தால் ஆபத்து வீட்டுக்கு.

இப்போதுதான் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு வேலை மிக எளிது. ஐந்துக்கு ஐந்து அல்லது அதற்குச் சற்றுப் பெரிய ஒரு சதுரம், கீழும் மேலும் ஒரே நேர்க்கோட்டில். சுற்றிலும் பீம். தளம் போடும்போது அந்த இடத்தில் மட்டும் பிறகு எடுத்துவிடக்கூடிய தனிப் பலகை. லிஃப்ட் வரும்வரை கீழே சாமான் அறை, மேலே துணி அலமாரி. அன்றைக்கு ஆகும் கூடுதல் செலவு சில ஆயிரங்கள். பதினைந்து ஆண்டு கழித்து வெட்டுவதற்கு ஆகும் செலவு லட்சத்தில். வாஸ்து பார்க்கும் குடும்பம் என்றால் அதையும் வரைபடத்திலேயே கேட்டு முடித்துவிடுவது நல்லது. லிஃப்ட் எப்போது என்ற கேள்விக்கு இந்தக் கட்டுரை தரும் பதில் இரண்டு தேதிகள்: இடம் விடும் தேதி தளம் போடும் நாள், பொருத்தும் தேதி சுவரில் கறை படர்ந்து, மருத்துவர் பார்த்து, கீழே வர வழியில்லை என்று தெரிந்த நாள்.

சிங்கப்பூர் செய்தது

படிக்கட்டை ஒரு நாடே தன் கவலையாக எடுத்துக்கொண்டதும் உண்டு. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் சிங்கப்பூரின் பழைய வீடமைப்புக் கழக அடுக்குகளில் லிஃப்ட் எல்லாத் தளத்திலும் நிற்காது. சில தளங்களில் மட்டும் நிற்கும். மற்றவர்கள் அங்கிருந்து படியேறியோ இறங்கியோ போக வேண்டும். கட்டிய காலத்தில் குடியேறியவர்கள் இளைஞர்கள், செலவு மிச்சம். அவர்கள் முதியவர்களானபோது அந்த ஒரு மாடிப் படி மலையானது. 2001-ல் லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஒவ்வோர் அடுக்கிலும் வாக்கெடுப்பு நடத்தி, 75 விழுக்காட்டு வீடுகள் ஒப்புக்கொண்டால் வேலை. பெருஞ்செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. லிஃப்ட் பொருத்தவே முடியாத அடுக்குகளில், நடக்க முடியாதவர்கள் வேறு வீட்டுக்கு மாற 2020-ல் உதவித்தொகை, 30,000 சிங்கப்பூர் வெள்ளி வரை. அதற்கும் முன்பே 2012-ல், கழிவறைக் கைப்பிடியும் வழுக்காத தரையும் போட்டுத்தரும் மானியத் திட்டம்.

முதலில் கைப்பிடி, பிறகு லிஃப்ட், முடியாவிட்டால் இடமாற்றம் என்று மூன்று கதவுகளும் அங்கே திறந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் இந்தச் சுமை முழுதும் குடும்பத்தின் தலையில்தான். கைப்பிடி, சாய்தளம், நாற்காலி நுழையும் கழிவறைக்கதவு ஆகியவற்றுக்காவது முதியோர் உள்ள ஏழை வீடுகளுக்கு அரசு மானியம் தர வேண்டும். லிஃப்ட் வாங்க வசதியில்லாத வீடுகளிலும் முழங்கால் அதே இருநூறு கிலோவைத்தான் தாங்குகிறது.

மெயினை அணைத்துப் பார்ப்பது

வீட்டு லிஃப்டுக்கும் சட்டம் உண்டு. 1997-ல் வந்த தமிழ்நாடு லிஃப்ட் சட்டப்படி, பொருத்துவதற்கு முன் அனுமதியும் இயக்குவதற்கு முன் உரிமமும் பெற வேண்டும். பார்ப்பது மின் ஆய்வுத் துறை. வீட்டு லிஃப்டுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2002-ல் ஐ.எஸ். 15259 என்ற நெறிமுறையை வெளியிட்டது. “வீட்டுக்குத்தானே சார், அதெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க” என்று ஏஜென்ட் சொன்னால், அவரை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. வலைக்கதவு போட்டு விலையைக் குறைத்துத் தருகிறேன் என்பவரையும்தான். புடவைத் தலைப்பும் வேட்டி நுனியும் சிக்கும் இடம் அது.

பராமரிப்புக்கு ஆள் எங்கிருந்து வருவார் என்று எழுதி வாங்க வேண்டும். சென்னையிலிருந்து நாளை வருவார் என்றால், இன்றிரவு மாடியில் இருப்பவர் மாடியிலேயே. புதுச்சேரியிலோ விழுப்புரத்திலோ ஆள் வைத்திருக்கும் நிறுவனத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

பொருத்தி முடித்து ஒப்படைக்கும் நாளில், பூசை போட்டு எலுமிச்சம்பழம் வைத்த கையோடு ஒரு சோதனை செய்ய வேண்டும். வீட்டு இளையவர் ஒருவர் உள்ளே ஏறி, பாதி உயரத்தில் இருக்கும்போது கீழே மெயினை அணைக்க வேண்டும். விளக்கு எரிகிறதா, பேட்டரி லிஃப்டைப் பக்கத்துத் தளத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறதா, கதவு தானாகத் திறக்கிறதா, உள்ளிருக்கும் மணியின் சத்தம் தெரு வரை கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் முறை பெரியவரே அவரோடு உள்ளே இருக்கட்டும். இருட்டில் இருபது விநாடி ஒருமுறை துணையோடு இருந்து பார்த்தவர், பிறகு தனியே இருக்கும்போது பதறமாட்டார்.

கையால் இறக்கும் முறையை வீட்டில் இருவருக்காவது சொல்லித்தரச் சொல்ல வேண்டும். பகலில் அந்த இருவரும் வேலைக்குப் போய்விடும் வீடாக இருந்தால், கீழே கடை வைத்திருப்பவரையும் கூப்பிட்டு நிறுத்தி, சாவி தொங்கும் ஆணியைக் காட்டிவிட வேண்டும்.